கழிவு

கிரென்ஹெனில் வியாழன் மாலை ஆறரைக்கு
தடம் எங்கள் வாடகை.
பகல் முழுக்கப் பூதக்கண்ணாடிக்குக் கீழே
மயிரினும் மெல்லிய சுருள்வில்லைச்
சின்னச் சக்கரத்தில் பூட்டுகிறவள் நான்.
விநாடி செய்கிற ஊரில்
மணிக்கணக்கில் கூலி.

நாலு சுற்று. ஆயிரம் மீட்டர்.
கியர் மாற்ற வழியில்லை, பிரேக் இல்லை.
நிற்பதற்கும் மிதித்தாக வேண்டிய சைக்கிள்.

மூன்று மாதமாக இப்படித்தான் ஓட்டினேன்:
முதல் சுற்றில் கொஞ்சம் பிடித்துவைத்து
மிச்சத்தைக் கடைசிக்கென்று முடிந்துவைத்து.
இருபத்தைந்து, பதினெட்டரை, பதினெட்டரை, பத்தொன்பது.
மொத்தம் எண்பத்தொரு விநாடி.
கோட்டைத் தாண்டிய பிறகும்
இன்னொரு சுற்றுக்கு மூச்சிருந்தது.
"அழகாக ஓட்டுகிறாய்" என்றாள் ஃபாபியென்
கடிகாரத்தை அழித்தபடி.
அது பாராட்டில்லை என்று
உடை மாற்றும்போதுதான் புரிந்தது.

மச்சாள் வதனி ஓல்டனில் சீட்டுப் பிடிக்கிறாள்.
பதினெட்டுப் பேர், மாதம் ஐந்நூறு பிராங்க்.
முதலில் கேட்கிறவருக்குக் கழிவு பெரிது,
பொறுத்தவருக்கு முழுத்தொகை.
நான் எப்போதும் கடைசிச் சீட்டு.
"உனக்கு அவசரமே வராதா?" என்பாள் வதனி
தேநீர்க் கோப்பையை நகர்த்திக்கொண்டு.
வராது என்பதில் எனக்கொரு பெருமை.

போன வாரம், ரயிலில்,
ஆரே ஆற்றுப் பாலத்தின் மேலே உறைத்தது:
கோட்டைத் தாண்டும்போது
சக்கரத்தில் மிஞ்சுகிற வேகம்
செல்லாக்காசு.
அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது,
அடுத்த வியாழனுக்கும் ஆகாது.
இந்தச் சீட்டில் கடைசிவரை பொறுத்தவளுக்கு
ஒன்றுமே கிடைக்காது.

இன்று பின்சக்கரத்தை இயந்திரம் பிடித்திருக்கிறது.
ஐந்து. நாலு.
தொடைக்குள் ஒரு சின்ன டப்பா உண்டு,
பத்து விநாடிக்குத்தான் காணும்,
மூச்சைக் கேட்காமல் எரியும்.
மூடிவைத்தால் வட்டி ஏறாது.
மூன்று. இரண்டு.
எடுத்துவிடு, என்ன கழிவானாலும்.

எழுந்து நின்று மிதித்தேன். கைப்பிடி முனகியது.
இடுப்பு, தோள், தாடை, பல்,
இருந்ததெல்லாம் பெடலில் இறங்கியது.
வளைவின் சரிவு வந்து முகத்தில் மோதியபோதுதான்
உட்கார்ந்தேன்.

இருபத்து மூன்று.

பதினேழரை. இது கடன் காசு,
ஆனாலும் காசு.
கறுப்புக் கோடு தானாக என் அடியில் ஓடுகிறது,
காற்றுக்கு என்னைத் தெரியவில்லை.
ஒரு சுற்று முழுக்க நான் பணக்காரி.

பதினெட்டரை. கதவைத் தட்டுகிறார்கள்.

நாலாவது சுற்றில்
கால்கள் வேறு யாருடையவோ.
ஈயத்தைக் காய்ச்சி முழங்காலுக்கு மேலே ஊற்றியாயிற்று.
நான் மிதிக்கவில்லை, பெடல்தான்
என் பாதத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது.
வாயில் இரும்பின் ருசி.
வளைவு நீண்டது. இவ்வளவு நீளமாக
ஒருபோதும் இருந்ததில்லை.
ஃபாபியென் ஏதோ கத்துகிறாள்,
ஜெர்மனா, பிரெஞ்சா,
எனக்கு எந்த மொழியும் இல்லை.

இருபதரை.

சேர்த்துப் பார்க்கிறேன், தவறுகிறது,
மறுபடி சேர்க்கிறேன்:
எழுபத்தொன்பதரை.
இவ்வளவு அசிங்கமாக ஓட்டி
ஒன்றரை விநாடி.

அப்போதும் நிற்கவில்லை சைக்கிள்.
இன்னும் ஒரு சுற்று என்னை இழுத்துப் போகிறது,
செலவாகாமல் போன கொஞ்ச வேகத்தோடு.
ஆக, இன்னும் இருந்திருக்கிறது.

புல்தரை போல் வரைந்த நடுத்தளத்தில்
மல்லாந்து கிடக்கிறேன்.
பைக்குள் போன் அதிர்கிறது.
ஞாயிறு சீட்டுக்கு வதனி ஆள் எண்ணுகிறாள்.
எடுத்துப் பேச
கை வரமாட்டேன் என்கிறது.